ஆன்லைன் டிக்கெட் விற்பனையை எத்தனை மணிக்கு மூடுவது?

சில வருடங்களுக்கு முன் எங்கள் நாடகக் குழுவுக்கு முதன்முறையாக ஆன்லைனில் டிக்கெட் விற்றோம். ஞாயிறு மாலை 7 மணிக்கு நாடகம். 5 மணிக்கு விற்பனை தானாக மூடிக்கொள்ளும்படி நான்தான் அமைத்திருந்தேன். நாடகம் முடிந்தது, செட்டைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோம். இரவு 9.40க்கு என் போனில் ஒரு மணி அடித்தது: புதிய ஆர்டர், இரண்டு டிக்கெட். யாரோ ஒரு நல்லவர், அடுத்த ஞாயிறு என்று நினைத்துக்கொண்டு, முடிந்துபோன நாடகத்துக்குப் பணம் கட்டியிருக்கிறார்.

எங்கள் தளத்தின் கடிகாரம் யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நம்முடைய இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நான் போட்ட மாலை 5 மணி, நம் கணக்குக்கு இரவு 10.30. மறுநாள் காலையில் பணத்தைத் திருப்பி அனுப்பி மன்னிப்பும் கேட்டேன். அப்புறம்தான் இந்தக் கெடு விஷயத்தை ஒழுங்காக உட்கார்ந்து யோசித்தேன்.

நூற்றைம்பது முதல் நானூறு இருக்கை வரை உள்ள ஒரு சபா அரங்கிலோ பள்ளி ஹாலிலோ, நாடகமோ கச்சேரியோ பயிற்சிப் பட்டறையோ புதிதாக நடத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய ஸ்டேடியம் நிகழ்ச்சிக்காரர்களுக்கு இதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள்.

முதலில் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் நேரே டிக்கெட் தளத்துக்குள் போய், 'விற்பனை முடியும் நேரம்' என்ற கட்டத்தில் ஏதோ ஒரு மணியைப் போட்டுவிடுகிறார்கள். அந்த மணி எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. கெடுவை முடிவு செய்ய வேண்டியது நீங்கள் அல்ல. உங்கள் தலைக்கணக்கை நம்பி வேலை செய்யப்போகிறவர்கள். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, மொத்தம் எத்தனை பேர் என்பது யாருக்கு, எப்போது தெரிந்தாக வேண்டும் என்று எழுதுங்கள். பெரும்பாலும் மூன்று பேர்தான் வருவார்கள்: சமையல்காரர், வாசலில் நிற்பவர், அரங்கத்து மேனேஜர்.

இவர்களில் சமையல்காரர் சொல்வதற்கு மறுபேச்சே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை 9.30 முதல் மாலை 5 வரை ஒரு பட்டறை, நடுவில் சாப்பாடு என்று வைத்துக்கொள்வோம். சமையல் காண்டிராக்டரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இலை?" ஞாயிறு விடிவதற்கு முன்பே கோயம்பேட்டில் காய்கறி எடுப்பார். மளிகையையும் கூடமாட வேலை செய்ய ஆட்களையும் சனிக்கிழமையே ஏற்பாடு செய்துவிடுவார். அதனால் சனி காலைக்குள் அவருக்கு எண்ணிக்கை வேண்டும். அப்படியானால் சாப்பாட்டோடு சேர்ந்த டிக்கெட்டை வெள்ளி இரவு 9 மணிக்கு மூடியாக வேண்டும். நூறு இலை என்று சொன்னால் அனுபவமுள்ளவர் கொஞ்சம் கூடவே சமைப்பார். தயவுசெய்து அந்தக் 'கொஞ்சத்தை' நீங்கள் விற்றுவிடாதீர்கள். அது ஒலிபெருக்கிக்காரருக்கும், டிரைவருக்கும், சொல்லாமல் வந்து நிற்கும் விருந்தாளிக்கும் உரியது.

ஆனால் அதற்காக எல்லா டிக்கெட்டையும் வெள்ளி இரவே மூட வேண்டுமா? வேண்டாம். ஒரு நிகழ்ச்சிக்கு ஒரே ஒரு கெடுதான் என்று நினைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. கெடு நிகழ்ச்சிக்கு அல்ல, டிக்கெட் வகைக்கு. 'சாப்பாட்டுடன்' என்று ஒரு வகை, 'சாப்பாடு இல்லாமல்' என்று இன்னொரு வகை. முதலாவது வெள்ளி இரவு 9 மணிக்கு மூடட்டும். இரண்டாவது ஞாயிறு காலை 8 மணி வரை திறந்திருக்கட்டும். உருப்படியான எந்த டிக்கெட் தளத்திலும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகத் தொடக்கமும் முடிவும் கொடுக்க முடியும். முடியாத தளமாக இருந்தால் வேறு தளம் பாருங்கள்.

வாசல் கணக்கு

சாப்பாடு இல்லாத மாலை நிகழ்ச்சிக்குக் கெடுவை முடிவு செய்வது வாசல்தான். இங்கே ஒரு கேள்விக்கு முதலில் பதில் தெரிய வேண்டும்: இருக்கைக்கு எண் உண்டா, இல்லை முந்தி வருபவர் முன்னால் உட்காரலாமா?

எண் உண்டு என்றால், வாசல் கவுண்டரில் விற்பனை தொடங்குவதற்கு முன் ஆன்லைன் மூடியே ஆக வேண்டும். ஒரே எஃப்-12ஐ வாசலில் ஒருவரும் ஆன்லைனில் ஒருவரும் வாங்கிவிட்டால், இருவர் கையிலும் செல்லுபடியாகும் டிக்கெட் இருக்கும். யாரை எழுப்புவீர்கள்? எண் இல்லாத அரங்கு என்றால் இந்தத் தலைவலி இல்லை. மொத்த எண்ணிக்கை தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வாசல் விற்பனைக்கு என்று நாற்பது இருக்கையை முன்கூட்டியே ஆன்லைன் கணக்கிலிருந்து கழித்துவிட்டு, வாசலில் இணையம் கிடைக்கும் என்றால், ஆன்லைனை நிகழ்ச்சி தொடங்கும் நேரம் வரை திறந்தே வைக்கலாம்.

7 மணி நாடகத்துக்கு, எண்ணிட்ட இருக்கை என்றால், நான் பின்னாலிருந்து முன்னால் இப்படி எண்ணுவேன். 6.15க்கு கதவு திறக்கும். 5.45க்கு கவுண்டர் திறக்கும். அதற்கு முன் வாசல் பட்டியல் தயாராக வேண்டும். பட்டியலை இறக்கி, பிரிண்ட் எடுத்து, ஸ்கேன் செய்யும் போன்களில் ஏற்ற இருபது நிமிடம். கடைசி நிமிடத்தில் பணம் கட்டியவர்களின் உறுதிச் செய்தி வந்து சேர இன்னொரு இருபது நிமிடம். ஆக 5 மணி, கையில் ஐந்து நிமிடம் மிச்சம். இப்படிக் கிடைத்த 5 மணியும் நான் முதல் தடவை சும்மா போட்ட 5 மணியும் ஒன்றுதான். ஆனால் கவுண்டரை அரை மணி முன்னால் திறக்கச் சொல்லி அரங்கத்தார் கேட்டால், இப்போது எதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

பிரிண்ட் எதற்கு, போனில் ஸ்கேன் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். பழைய அரங்குகளின் முகப்பில் பல சமயம் ஒரு கோடு சிக்னல்கூடக் கிடைக்காது. ஸ்கேன் செய்யும் செயலி இணையம் இல்லாமல் வேலை செய்ய வேண்டுமென்றால், மூடிய பிறகான பட்டியலை முன்கூட்டியே அதில் ஏற்றியிருக்க வேண்டும். அப்படி ஏற்றிய பின்பு விற்ற டிக்கெட் எதையும் அது அடையாளம் காணாது. "செல்லாது" என்று சிவப்பாகக் காட்டும். பணம் கட்டியவர் முகமும் சிவக்கும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பயந்துபோய் முந்தின நாளே மூடுகிறவர்களும் உண்டு. நம் ஊரில் ஞாயிறு மாலை எங்கே போவது என்பதை ஞாயிறு மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழுந்த பிறகுதான் நிறைய வீடுகளில் பேசுவார்கள். சனி இரவே மூடினால் அந்த வீடுகளை எல்லாம் நீங்களே திருப்பி அனுப்பியது போல. சாப்பாடு போன்ற கட்டாயக் காரணம் இல்லாவிட்டால் அன்றைய மதியம் முழுவதும் திறந்தே வையுங்கள்.

இப்போது தளத்துக்குள் போகலாம்

முதலில் நேர மண்டலம். சொந்தமாக வேர்ட்பிரஸ் தளம் வைத்திருந்தால் அமைப்புகளில் பொதுப் பகுதிக்குப் போய், நேர மண்டலப் பட்டியலில் 'கொல்கத்தா'வைத் தேர்ந்தெடுங்கள். சென்னை என்று தேடினால் கிடைக்காது. இந்தியா முழுவதற்கும் அந்தப் பட்டியலில் கொல்கத்தாதான். எதையும் தொடாமல் விட்டால் யூடிசியில் நிற்க வாய்ப்பு அதிகம், என் கதைதான் உங்களுக்கும். வெளித் தளத்தில் விற்கிறீர்கள் என்றால் நிகழ்ச்சியின் பக்கத்திலேயே நேர மண்டலம் கேட்பார்கள். கணக்கைத் தொடங்கியவர் சிங்கப்பூரில் இருக்கும் நண்பராக இருந்தால் அதுவே சிங்கப்பூர் நேரத்தில் இருக்கலாம். அப்போது நீங்கள் போடும் 5 மணி, இங்கே 2.30க்கே மூடிவிடும். தாமதமாக மூடினால் ஆர்டர் வந்து காட்டிக்கொடுக்கும். முன்கூட்டி மூடினால் யாரும் சொல்ல மாட்டார்கள், ஏன் இன்று விற்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருப்பீர்கள்.

வெளிநாட்டில் தமிழ்ச் சங்க நிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கு இன்னொரு வில்லங்கம், கடிகாரத்தை மாற்றும் பழக்கம். லண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு மணியைப் பின்னால் தள்ளுவார்கள், டொரன்டோவில் நவம்பர் முதல் ஞாயிறு. நம் தீபாவளி விழாக்கள் நடப்பதும் அந்த வாரங்களில்தான். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. லண்டனில் அக்டோபர் 27 அன்றும் டொரன்டோவில் நவம்பர் 3 அன்றும் மணி மாறியது. அக்டோபர் தொடக்கத்தில் 'யூடிசி கூட்டல் ஒன்று' என்று அமைத்துவிட்டு லண்டனில் நவம்பர் 2 அன்று விழா வைத்தவருக்கு, மாலை 5 மணிக் கெடு 4 மணிக்கே வந்திருக்கும். கூட்டல் கழித்தல் எண்ணைத் தேர்ந்தெடுக்காமல் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்தால் இந்த மாற்றத்தைத் தளமே பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது நள்ளிரவு. "சனிக்கிழமை ராத்திரி 12 மணி வரை" என்று நாம் சொன்னால் சனிக்கிழமை முடிகிற நேரம் என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கோ சனிக்கிழமை 12.00 ஏஎம் என்பது சனிக்கிழமை தொடங்குகிற நேரம், அதாவது நம் பேச்சில் வெள்ளிக்கிழமை ராத்திரி. முழுசாக ஒரு நாள் முன்னால் மூடிவிடும். பஞ்சாங்கத்தில் நாள் சூரியன் உதிக்கும்போது தொடங்குகிறது. ராத்திரி இரண்டு மணியையும் முந்தின நாளோடு சேர்த்தே பேசிப் பழகியவர்கள் நாம். அதனால் 12 மணியைத் தொடவே தொடாதீர்கள். பலர் 11.59 என்று போடச் சொல்வார்கள். என்னைக் கேட்டால் அதுவும் வேண்டாம், இரவு 9 மணி என்று வையுங்கள். கெடுவுக்கு முந்தைய அரை மணியில்தான் "பணம் போயிடுச்சு, டிக்கெட் வரல" என்று போன் வரும். அதை எடுக்க உங்கள் ஆள் ஒருவர் விழித்திருக்கும் நேரமாக இருக்கட்டும்.

தேதியையும் ஒருமுறை பாருங்கள். 05/04 என்பது சில தளங்களில் ஏப்ரல் 5, சிலவற்றில் மே 4. மாதத்தை எழுத்தில் காட்டும் முன்னோட்டப் பக்கத்தில் சரிபார்த்துவிட்டு நகருங்கள்.

பணம் போகும் வழி

கெடு 5 மணி. ஒருவர் 4.58க்கு இருக்கையைத் தேர்ந்தெடுக்கிறார். தளம் அதைப் பத்து நிமிடம் அவருக்காகப் பிடித்துவைக்கிறது. யூபிஐ செயலிக்குப் போகிறார், பின் எண்ணை மறந்து யோசிக்கிறார், வங்கி மெதுவாக இருக்கிறது, 5.03க்கு பணம் போகிறது. இவருக்கு டிக்கெட் உண்டா?

தளத்தைப் பொறுத்து இருக்கிறது. சில தளங்கள் கூடையில் போடும் நேரத்தை மட்டும் பார்க்கும், அவருக்கு டிக்கெட் வந்துவிடும். சில தளங்கள் கடைசியில் இன்னொரு முறை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு, டிக்கெட் இல்லை என்று கைவிரிக்கும். இதுதான் ஆபத்தான வகை. உங்கள் தளம் எந்த வகை என்பதை நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே தெரிந்துகொள்ளலாம். பத்து ரூபாயில் ஒரு சோதனை டிக்கெட்டை உருவாக்குங்கள். கெடு இன்னும் பத்து நிமிடத்தில் என்று வையுங்கள். உங்கள் போனில் பணம் கட்டும் பக்கம் வரை போய், கெடு தாண்டும்வரை காத்திருந்து, பிறகு பணம் கட்டுங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்த டிக்கெட் வகையை அழிக்க மறக்காதீர்கள். மறந்தால் பத்து ரூபாய்க்கு நாலு பேர் வந்து நிற்பார்கள்.

பணம் பிடித்தும் உறுதிச் செய்தி விற்பவருக்குப் போய்ச் சேராவிட்டால், ஐந்து நாளுக்குள் பணம் தானாகவே திரும்ப வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதி கொண்டுவந்திருக்கிறது. ஆனால் பணம் உங்களிடம் வந்து சேர்ந்து, உங்கள் தளம்தான் டிக்கெட் தரவில்லை என்றால், திருப்பித் தர வேண்டியவர் நீங்கள். எப்படியும் அவர் விதியைப் படித்துவிட்டு வீட்டில் உட்கார மாட்டார். வங்கிக் குறுஞ்செய்தியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வருவார், கூட மாமியாரும் வருவார். எந்தக் கணக்கிலும் சேராத ஐந்து இருக்கையை இவர்களுக்காகத் தனியே வையுங்கள்.

கூகுள் ஃபார்மும் க்யூஆர் படமும் வைத்துச் சமாளிக்கும் சின்னக் குழுக்களுக்குத் தனியாக ஒன்று. ஃபார்மை மூடினால் விற்பனை மூடிவிட்டது என்று நினைக்காதீர்கள். க்யூஆர் படத்துக்குக் கெடு கிடையாது. அது வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கும், மறுநாள்கூட யாராவது 300 ரூபாய் அனுப்புவார்கள், எதற்கென்று உங்களுக்குத் தெரியாது. க்யூஆரைச் சுவரொட்டியில் போடாமல், ஃபார்மின் கடைசிப் பக்கத்தில் மட்டும் வையுங்கள். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் பாதித் தொல்லை குறையும்.

திருப்பித் தரும் கெடு

விற்பனைக்குக் கெடு வைக்கிறவர்கள் பணம் திரும்பப் பெறுவதற்குக் கெடு வைக்க மறந்துவிடுவார்கள். அது விற்பனைக் கெடுவுக்கு முன்னால் வர வேண்டும். வியாழன் வரை ரத்து செய்யலாம் என்றால், திரும்பி வந்த இருக்கையை விற்க உங்களுக்கு மூன்று நாள் இருக்கும். நாடகம் தொடங்கும்வரை ரத்து செய்யலாம் என்றால் காலி நாற்காலிக்கு நீங்கள் பணம் கொடுத்த கணக்கு. சாப்பாட்டு டிக்கெட்டுக்கு, இலைக் கணக்கு சொன்ன பிறகு ரத்து கிடையாது. இதை வாங்கும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

விற்ற பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வர பொதுவாக இரண்டு வேலை நாளாவது ஆகும். சனி, ஞாயிறு விற்றது நிகழ்ச்சிக்குப் பிறகுதான் கையில் வரும். சமையல்காரருக்கு ஞாயிறு சாயங்காலம் ரொக்கம் தர வேண்டியிருந்தால் அதை வேறு இடத்தில் பார்த்துவையுங்கள்.

நேரலைக்கு வேறு கணக்கு

இணையத்தில் ஒளிபரப்பும் கச்சேரிக்கு வாசல் இல்லை, இலை இல்லை. தொடங்கி அரை மணி கழித்தும் டிக்கெட் விற்கலாம். பிறகு மூன்று நாள் பார்க்கலாம் என்று வைத்திருந்தால் அந்த மூன்றாம் நாள் வரைகூட விற்கலாம். இங்கே கவனம் அறிவிப்பில்தான். டிசம்பரில் சென்னையில் மாலை 7 மணி என்றால் லண்டனில் பிற்பகல் 1.30, நியூயார்க்கில் காலை 8.30, சிங்கப்பூரில் இரவு 9.30. சிட்னியில் மறுநாள் தேதி ஆகிவிடும், நள்ளிரவு 12.30. அந்த ஊர்களுக்குத் தேதியையும் சேர்த்தே போடுங்கள்.

கெடுவை எப்படிச் சொல்வது

அரங்க நிகழ்ச்சிக்கு அறிவிப்பில் இரண்டு வரி போதும். "ஆன்லைனில் ஞாயிறு மாலை 5 மணி வரை. அதன் பிறகு அரங்க வாசலில் 5.45 முதல், இருக்கை இருந்தால்." இரண்டாவது வரி இல்லாவிட்டால் 5.10க்கு 'மூடப்பட்டது' என்று பார்த்தவர் நிகழ்ச்சியே நிறைந்துவிட்டது என்று நினைத்து வேறு வேலை பார்க்கப் போய்விடுவார். தளத்தில் கெடு முடிந்தபின் தோன்றும் செய்தியையும் உங்கள் வார்த்தையில் மாற்றி எழுதுங்கள்.

தள்ளுபடி விலைக்கு வைக்கும் கெடுவை நீட்டாதீர்கள். "கடைசி நாள்" என்று மூன்று முறை அறிவித்தால் நான்காம் முறை யாரும் நம்ப மாட்டார்கள், முதல் நாளே வாங்கியவருக்கும் எரிச்சல். மழை மட்டும் விதிவிலக்கு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் நிகழ்ச்சி வைத்தால் ஏதாவது ஒரு நாள் சிவப்பு எச்சரிக்கை வரும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். அப்படி வந்தால் விற்பனையை உடனே நிறுத்துங்கள், பிறகு நிதானமாக முடிவெடுங்கள். நிறுத்தும் அதிகாரம் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். இரண்டு பேரிடம் இருந்தால் ஒருவர் மூடியதை இன்னொருவர் திறந்துவிடுவார். எங்கள் குழுவில் நடந்திருக்கிறது.

அன்றைக்கு 5.05க்கு

உங்கள் போனில் பார்க்காதீர்கள். நீங்கள் நிர்வாகியாக உள்ளே நுழைந்திருப்பீர்கள், உங்களுக்குச் சரியாகத்தான் தெரியும். தளம் வேகமாகத் திறக்க வேண்டும் என்று பழைய பக்கத்தின் நகலைச் சேமித்துவைத்திருந்தால், மற்றவர்களுக்கு 'வாங்கு' பொத்தான் இன்னும் தெரிந்துகொண்டிருக்கும். நுழைவுச்சீட்டு ஸ்கேன் செய்ய வந்திருக்கும் தம்பியின் போனை வாங்கி, பக்கத்தைப் புதிதாகத் திறந்து, ஒரு டிக்கெட்டை எடுக்க முயன்று பாருங்கள். எடுக்க முடியவில்லையா? சரி. 5.20க்குப் பட்டியலை இறக்குங்கள், இரண்டு பிரதி எடுங்கள், ஒன்றைக் கவுண்டரில் கொடுங்கள். மேக்கப் அறையில் டீ மிச்சம் இருந்தால் அதைக் குடிக்க இதுதான் நேரம்.